கண்டல் எண்ணப் போனவள்

அடுத்தவர் செய்த வேலையை எண்ணிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு மதிப்பீட்டாளர் என்று பெயர். போகிற இடமெல்லாம் தேநீர் கேளாமலே வரும், உண்மை கேட்டாலும் வராது.

கையில் படிவத்தோடு ஊர் ஊராகத் திரிந்தவர்களுக்கும், அப்படித் திரிந்தவர்களுக்கு முற்றத்தில் கதிரை எடுத்துப் போட்டவர்களுக்கும் இது புதுக் கதையாக இராது. நாமெல்லாம் ஒரே பாடுபட்டவர்கள் என்பதால், இடையிடையே நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

சுனாமி வந்துபோய், போர் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் பிறந்து தாவரவியல் படித்த நான், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் மாடி அறையொன்றில் வாடகைக்கு இருந்தேன். வேலை பம்பலப்பிட்டியில். கரையோரச் சதுப்பு நிலங்களில் கண்டல் மரம் வளர்த்தால் வெள்ளமும் அலையும் தணியும் என்று வெளிநாட்டுக்காரர் நிதி கொடுத்த நேரம். அப்படி நட்ட இடங்களில் ஒன்று, புத்தளம் களப்போரத்தில், அதாவது கடல்நீர் உள்வாங்கி நிற்கும் காயலோரத்தில், ஒரு முஸ்லிம் கிராமம். மாரி வந்தால் வெள்ளம் வீட்டுக்குள் ஏறி வாரக்கணக்கில் நிற்கும் ஊர். நட்டதில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால், அடுத்த கட்டத்தில் ஊர்த் தெருவுக்குக் குறுக்கே பெரிய மதகு கட்டி வெள்ளத்தைக் களப்புக்கு வடிய விடுவார்கள். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். எண்ணிச் சொல்ல வேண்டியவள் நான்.

வரைபடத்தோடு ஒரு தமிழ்ப் பெண்

விடியவே புறப்பட்டோம். வான் ஓட்டியவர் பியசேன. சிங்களவர், அரைகுறைத் தமிழும் முழுப் பொறுமையும் உள்ளவர். கொட்டாஞ்சேனையைத் தாண்டி நகர எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. என் பையை ஓர் இளம் சிப்பாய் திறந்தான். முதலில் றப்பர் பூட்ஸ் வந்தது. பிறகு நைலோன் கயிற்றுச் சுருள், நான்கு தடி. கடைசியாகக் களப்பின் வரைபடம். அதில் நான் சிவப்புப் பென்சிலால் ஆறேழு இடத்தில் வட்டம் போட்டிருந்தேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மிச்சத்தை அவனே கூட்டிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த ஒரு மணி நேரம் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். பியசேன தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணாத குறை. அதிகாரி வந்தார், நரை தட்டிய மீசை. மரம் எண்ணப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டார். பிறகு வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தார். அவரும் களப்போரத்துக்காரராம். அவர் ஊரிலும் நட்டார்களாம், ஒன்றும் மிஞ்சவில்லையாம், ஆனால் அறிக்கையில் மட்டும் காடு நிற்கிறதாம். நானாவது சரியாக எண்ண வேண்டும் என்பது அவர் ஆசை. வரைபடத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு, அதையே சிங்களத்தில் சொன்னார்: “ஹரியட்ட கணன் கரன்ன, நோனா.”

பூந்தோட்டம்

கிராமத்தில் மீனவர் சங்கத் தலைவர் ரவூப் நானா எங்களை வரவேற்றார். வெள்ளைச் சாரம், இஸ்திரி போட்ட சட்டை. வான் நின்ற இடத்திலிருந்து பத்து எட்டு வைத்தால் கண்டல். ஒரு கன்றுகூட வாடாமல், வரிசை பிசகாமல், சுற்றிவரச் சிப்பி பதித்து வைத்திருந்தார்கள். “இதிலயே கயிறு போடுங்க மிஸ், வார எல்லாரும் இதிலதான் போடுற” என்று நானா இடமும் காட்டினார். எங்கள் தொழிலில் கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, அதற்குள் இருப்பதை எண்ணி, முழுக் கரைக்கும் கணக்குச் சொல்வது வழக்கம். எனக்கு முன் வந்த எல்லோரும் சப்பாத்து நனையாத அந்த ஓரிடத்திலேயே சதுரம் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரும் அந்தச் சதுரத்தை மட்டும் பூந்தோட்டமாக வளர்த்திருக்கிறது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்தது. வேர் இல்லை. கத்தியால் சரிவாக வெட்டிய வெறும் கொப்பு. அடுத்ததும் கொப்பு. அதற்கடுத்ததும். நான் வருகிறேன் என்று கேள்விப்பட்டு முதல் நாள் குத்தியவை, இலைகூட இன்னும் வாடவில்லை. ரவூப் நானாவின் முகத்தில் ஈயாடவில்லை. என் கையிலிருந்த கொப்பை வாங்கித் திரும்பவும் குத்தியவர், மனம் நொந்துபோன குரலில் சொன்னார்: “மிஸ், இவ்வளவு காலமா ஒத்தரும் புடுங்கிப் பாக்கல்லயே!”

இறால் கறி

பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினேன். கொம்பனித்தெருவில் பேரம் பேசி வாங்கிய பூட்ஸ், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. பத்தாவது அடியில் முழங்கால்வரை புதைந்தேன். கரையில் நின்ற பெண்களில் இருவர் வந்து என்னைப் பிடுங்கினார்கள். ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. மிச்ச நேரம் வெறுங்காலோடு எண்ணினேன். எண்ணுவதற்கு அதிகம் இருக்கவில்லை. தண்ணீர் ஓயாமல் நிற்கும் இடத்தில் நட்டு, கன்றுகள் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. நடச் சொன்ன இடமே பிழை. அந்த இடத்தைக் கொழும்பில் மேசையில் வைத்துத் தீர்மானித்தது எங்களைப் போன்றவர்கள் என்பதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மத்தியானம் நஸீரா ராத்தா வீட்டில் சாப்பாடு; அந்த ஊரில் அண்ணன் நானா, அக்கா ராத்தா. என்னைச் சேற்றிலிருந்து பிடுங்கிய இருவரில் அவர் ஒருவர். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, பேச்சு குறைவு. வீடு தெருவுக்கு மேல்பக்கம். போன மாரித் தண்ணீரின் அடையாளம் சுவரில் என் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. மாரி வந்தால் அடுப்பை மேசைக்கு மேல் ஏற்றிவைத்துத்தான் சமைப்பார்களாம். சோற்றோடு இறால் கறி வைத்தார். கொழும்பில் அப்படி இறால் தின்று பல காலம். இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளும்போதுதான் உறைத்தது. இந்தக் கரையில் இறால் அற்றுப்போய்விட்டது என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கண்டல் இல்லாவிட்டால் இறால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. “ராத்தா, இந்த இறால் எங்க பிடிச்சது?” என்று கேட்டேன். கதவடியில் நின்ற இன்னொரு பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நஸீரா ராத்தா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்: “நான்தானே சொன்ன, பருப்பு மட்டும் ஆக்குவோமெண்டு!”

வரைபடத்தில் இல்லாத இடம்

சாப்பிட்ட பிறகு இறால் பிடித்த இடத்துக்கு ராத்தாவே கூட்டிப் போனார். ஊருக்கு அந்தப் பக்கம் கைவிட்ட இறால் பண்ணை ஒன்று இருந்தது. நோய் வந்து இறால் செத்ததும் குத்தகைக்காரர் போய்விட்டார். அவர் கட்டிய மண் அணை மட்டும் களப்புக்கும் சதுப்புக்கும் நடுவில் நின்றது. மழைத் தண்ணீர் வெளியே போகாது, களப்புத் தண்ணீர் உள்ளே வராது. அந்த அணையில் இப்போது ஒரு வண்டி போகுமளவு உடைப்பு. உடைப்பு வழியாகத் தண்ணீர் சளசளவென்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனேன். என் தோளளவு கண்டல். கண்ணுக்கெட்டும்வரை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. இன்னொன்றை இரண்டு கையாலும் இழுத்தேன். அதுவும் அசையவில்லை. சேற்றில் நின்றபடி எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு ஆறேழு இடத்தில் கயிறு போட்டு எண்ணினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஊர்ப் பெண்கள் ஒரு கோடை முழுக்க மண்வெட்டியால் வெட்டித் திறந்த உடைப்பு அது. கண்டல் விதை தண்ணீரில் மிதந்து வந்து, தனக்குத் தோதான இடத்தில் தானே ஊன்றிக்கொண்டது. போன மாரியில் தெருவுக்குக் கீழ்ப்பக்க வீடுகளில் தண்ணீர் தங்கவில்லை. மேல்பக்கத்துத் தண்ணீரைத் தெரு மறிக்கிறது, மதகு வந்தால்தான் வழி. வெட்டியவர்களில் பாதிப்பேர் மேல்பக்கம், நஸீரா ராத்தா உட்பட. தங்கள் வீட்டுக்கு உதவாத வாய்க்காலைத் தெருவின் அடுத்த பக்கத்து வீடுகளுக்காக வெட்டியிருக்கிறார்கள். அணை அடுத்தவருடையது, கேட்டால் பொலிசுக்குப் போகும் என்ற பயத்தில் ஒளித்திருக்கிறார்கள். “இது எப்ப வெட்டினது?” என்று கேட்டேன். நஸீரா ராத்தா வீட்டுக்குப் போய் ஒரு கொப்பி கொண்டுவந்தார். வரவு இடாப்பு! எந்த வேலைக்கும் இடாப்பு வைக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்கள் திட்டம்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தது. கூலியில்லாத, களவாகச் செய்த வேலைக்கும் நாள்வாரியாகப் பெயர் எழுதி, கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் வைத்திருந்தார்கள். தாங்கள் செய்த குற்றத்துக்குத் தாங்களே சாட்சி எழுதி வைத்த ஆட்களை நான் அன்றுதான் கண்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு ராத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “வேல செஞ்சா இடாப்பு வேணுமெண்டு நீங்கதானே மிஸ் படிச்சித் தந்த?”

கெம்பஸ் சேறு

நட்ட கரையிலிருந்தும் வெட்டிய பக்கத்திலிருந்தும் சேறு எடுத்து வந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளவத்தை அறையில் பழைய பேப்பர் விரித்து, பொலித்தீன் பைகளில் இலக்கம் போட்டு, வரிசையாக அடுக்கினேன். படித்தவர்கள் செய்கிற எதுவும் கெம்பஸ் வேலை என்று நினைக்கிற வீட்டுக்கார அன்ரிக்கு இந்த மணம் பிடிக்கவில்லை. கீழேயிருந்து இரண்டு நாளாகச் சாம்பிராணிப் புகை போட்டுப் பார்த்தா.

மூன்றாம் நாள் விடியற்காலை ஒழுங்கை முழுக்கச் சுற்றிவளைப்பு. வீடு வீடாகத் தேடுதல். மேலே வந்த சிப்பாய்கள் பைகளைக் கண்டு கதவடியிலேயே நின்றுவிட்டார்கள். கறுப்பாக, ஈரமாக, இலக்கம் போட்ட பொதிகள். பெரியவன் மாதிரி இருந்தவன் எல்லோரையும் பின்னுக்குப் போகச் சொன்னான். எனக்குச் சிங்களம் முழுவதும் மறந்துபோய்விட்டது. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, அலுவலகக் கடிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நீட்டினேன். அன்ரிக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக் கடையில், கிழங்கில் ஒட்டிய சேற்றுக்கு, அதாவது ‘மட’வுக்கு, விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிற அளவுதான். அவ நைற்றியோடு படியேறி வந்து, நடுவில் புகுந்து, ஒரு பையை அவிழ்த்து, விரலால் தொட்டு, அந்தப் பெரியவனின் மூக்குக்கு நேரே பிடித்தா. அவன் முகத்தைச் சுளித்தான். இரண்டு நாளாக என்னை ஏசிய மனுசி, பெற்ற மகளைப் பற்றிச் சொல்வது போலத் தலையை நிமிர்த்திச் சொன்னா: “மட, மஹத்தயா! கெம்பஸ் மட!”

படிவத்தில் இரண்டு கட்டம்

படிவத்தில் இரண்டே கட்டம்: நட்டது, உயிரோடிருப்பது. உண்மையை எழுதினால் திட்டம் தோல்வி, மதகு இல்லை. எங்கள் பணிப்பாளர் சிவநேசன் சேர் கெட்டவர் அல்ல. தன் காலத்தில் ஒரு திட்டம்கூட மூடாமல் ஓய்வுபெற வேண்டும் என்பதுதான் அவர் கவலை. நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோளளவு கண்டலின் படத்தைத் தனியாக எடுத்து வைத்தார். இதையே நட்டது என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் நல்லது, ஊருக்கும் மதகு வரும் என்றார்.

எனக்கும் ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். நஸீரா ராத்தா வீட்டுச் சுவர் கண்ணுக்குள் நின்றது. ஆனால் அப்படி எழுதினால், பிழையான இடத்தில் நட்டது சரியென்றாகிவிடும். அடுத்த ஊரிலும் அதே போல நட்டுச் சாகவிடுவார்கள். வெட்டிய பெண்களின் பெயர் ஓரிடத்திலும் வராது. எனக்குக் கோபம் வந்தது. “நான் எண்ணத்தான் போனனான் சேர், சோடிக்கப் போகேல்லை” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: “இஞ்ச பார் பிள்ளை, ஆர் நட்டதெண்டு மரத்தின்ர நெத்தியில எழுதியிருக்கோ?”

தொலைபேசி

உண்மையை எழுதுவதென்றால், ராத்தா என்னிடம் தந்துவிட்ட இடாப்பையும் இணைக்க வேண்டும். அது இல்லாமல், அணையைத் திறந்ததால்தான் மரம் வந்தது என்று காட்ட வேறு சான்று இல்லை. ஆனால் அதுவே பெண்களைப் பொலிசில் மாட்டிவிடவும் கூடும். அது நான் தனியே எடுக்கிற முடிவல்ல. ஊர்ச் சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்கு எடுத்து, நஸீரா ராத்தாவைக் கூப்பிடச் சொன்னேன். இரண்டு பக்கத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். எல்லாரையும் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு அவரே எடுத்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்களின் சத்தம் கேட்டது. முழு ஊரும் கடைக்குள் நின்றிருக்க வேண்டும். “இடாப்ப சேத்து அனுப்புங்க மிஸ். செஞ்சது நாங்கதான். ஆனா ரவூப் நானா இப்ப வந்து தன்ட பேரையும் எழுதச் சொல்றார், நாங்க எழுத மாட்டோம்!”

பிடுங்கிப் பார்க்கிற ஆள்

நிதி கொடுத்தவர்களின் கூட்டம் எங்கள் அலுவலக மேல்மாடியில் நடந்தது. நட்டது என்ற கட்டத்துக்கு நேரே தோல்வி என்று எழுதியிருந்தேன். கீழே கையால் கோடு இழுத்து மூன்றாவது கட்டம் ஒன்று போட்டிருந்தேன்: தானாக வந்தது. நஸீரா ராத்தாவும் இன்னும் இரண்டு பெண்களும் முதல் தடவையாகக் கொழும்புக்கு வந்திருந்தார்கள். வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்களாம். நிதிக்காரர்களின் பிரதிநிதி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தக் கண்டலில் எத்தனை நட்டீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். “ஒண்டும் நடல்ல” என்றார் ராத்தா. “தண்ணிக்கு வழி உட்ட, அவ்வளவுதான். எங்கட பக்கத்துக்கு வழி உட ஏலல்ல, நடுவுல தெரு. அதுக்குத்தான் மதகு கேக்குற” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

காணி அலுவலகத்திலிருந்து வந்தவர் இடாப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார். குத்தகை எப்போதோ முடிந்துவிட்டது, காணி இப்போது அரசாங்கத்தினுடையது, அரசாங்கத்தின் அணையை உடைத்ததும் குற்றம்தான் என்றார். பிறகு, இவ்வளவு ஒழுங்காக இடாப்பு வைத்துக் குற்றம் செய்தவர்களை எந்தச் சட்டத்தில் போடுவது என்று தனக்குத் தெரியவில்லை என்று கொப்பியை மூடினார். முதலில் சிரித்தது ராத்தாதான். வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் விடவில்லை, தோளளவு என்று எழுதியிருக்கிறீர்களே, நம்பலாமா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் சிவநேசன் சேர் எழுந்துவிட்டார். ஆங்கிலத்தில் தொடங்கி, உணர்ச்சியில் தமிழுக்கு வந்து, என்னைக் கையால் காட்டிச் சொன்னார்: “இவ பிடுங்கிப் பாத்திட்டுத்தான் எழுதுவா!”

அடுத்த மாரி

நிதிக்காரர் சம்மதித்து, மதகும் கட்டி முடிந்தது. அந்த மாரிக்கு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையே கணுக்காலளவு தண்ணீரில் கிடந்தது. போர் இன்னும் கடுமையாகியிருந்தது, அலுவலகத்துக்குப் போய்வருவதே பெரும்பாடு. வானொலியில் புத்தளத்தில் கடும் மழை என்றார்கள். அன்ரி வீட்டுத் தொலைபேசி அடித்தால் துள்ளி எழும்பிக்கொண்டிருந்தேன். ஓர் அறிக்கை எழுதியவள் அதற்குப் பிறகு மழைக்குப் பயப்படுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. மழைச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ராத்தா, தண்ணி எதுவரைக்கும் நிக்குது என்று கத்தினேன். அன்ரியும் குசினியிலிருந்து வந்து பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றா. மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, கண்ணும் நிறைந்தது, இரண்டையும் மறைக்கவில்லை. “தண்ணியா? மிஸ், மாரி முழுக்க எங்கட ஊட்டு அடுப்பு நிலத்துலதான் எரியிது. வாங்க, இந்த முறை ஒளிக்காம இறால் ஆக்குறோம்!”

எத்தனையோ கரையில் எத்தனையோ ஆயிரம் கன்றுகளை எண்ணிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன், ஆனால் என் தொழிலில் நான் ஒழுங்காக எண்ணியது ஒருவரும் நடாத மரங்களை மட்டும்தான்.